அல்ஹம்ப்ரா வாசலில் அண்ணனின் பெயர்

என் அண்ணன் பத்தொன்பது வருடம் கோப்பை கழுவிய உணவகத்தின் பெயர் அல்ஹம்ப்ரா. பாரிஸின் லா சப்பலில் தமிழ்க்கடைகள் முடிந்து, மெத்ரோ பாலத்தின் கீழே ஸ்டாலின்கிராட் நிலையப் பக்கமாக நடந்தால் வரும். மொரோக்கோக்காரர் ஒருவர் நடத்தினார். கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு படம் இருந்தது: மரங்கள் அடர்ந்த மேட்டில் நீளமாக ஒரு கோட்டை, அதற்கும் பின்னால் பனி மூடிய மலை. குசினிக் கதவை யாராவது தள்ளித் திறக்கும்போதெல்லாம், கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்ற அண்ணனுக்கு அந்தப் படத்தில் ஒரு துண்டு தெரியும். கதவு மூடும், மறுபடி திறக்கும். அப்படித் துண்டு துண்டாகப் பார்த்தே கோட்டையை மனப்பாடம் செய்துவிட்டார்.

படம் போதாதென்று பெயரையும் பிடித்துக்கொண்டார். அல்ஹம்ப்ரா என்றால் என்ன? முதலாளியிடம் கேட்டார். அரபியில் அல் ஹம்ரா என்றால் சிவந்தது, ஸ்பெயினில் முஸ்லிம் அரசர்கள் கட்டிய அரண்மனை அது, மலையின் மண்ணே சிவப்பு, அந்த மண்ணைக் குழைத்துக் கட்டியதால் சுவரும் சிவப்பு, அதனால் அந்தப் பெயர் என்று முதலாளி சொன்னார். சமையற்காரர் அல்ஜீரியாக்காரர். அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாராம். மண்ணாவது கல்லாவது, கட்டத் தொடங்கிய அரசனுக்குச் சிவப்புத் தாடி, ஊரில் அவனைச் சிவப்பன் மகன் என்றுதான் கூப்பிடுவார்கள், ஆளின் பெயர்தான் வீட்டுக்கு வந்தது என்றாராம். மத்தியானங்களில் தனியாக வந்து சாப்பிடும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மூன்றாவது கதை சொன்னார். இரவும் பகலுமாகக் கட்டினார்கள், தீப்பந்த வெளிச்சத்தில் கீழே சமவெளியில் இருந்தவர்களுக்கு மலையே சிவப்பாகத் தெரிந்தது, அதிலிருந்து வந்த பெயர் அது என்று.

ஒவ்வொரு கதையையும் அண்ணன் என்னிடம்தான் கொண்டுவருவார். நான் லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். திங்கட்கிழமை அவருக்கு லீவு. தான் குடியிருந்த வில்லியே லே பெல்லில் இருந்து ரயில் பிடித்து வந்து, நான் வெண்டிக்காய்ப் பெட்டி உடைக்கும் இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"அண்ணை, அந்தக் கோட்டையில உங்களுக்குப் பங்கு ஏதும் எழுதி வைச்சிருக்கினமோ?" என்று கேட்பேன்.

"பகிடி விடாதை. ஒரு பேர் எங்கையிருந்து வந்தது எண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியேல்லை. அது ஆச்சரியமாயில்லையே உனக்கு?"

எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. வரலாறு எனக்குப் பள்ளிக்கூடத்தோடு முடிந்த விஷயம். அதோடு, அவர் ஏன் அந்தப் பெயரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை அவரிடம் சொல்லிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை, அதனால் பகிடி விட்டுக்கொண்டே இருந்தேன்.

விஷயம் இதுதான். அண்ணன் இந்த நாட்டில் தன் பெயரில் வாழவில்லை.

தொண்ணூறுகளில் இலங்கையில் இருந்து வந்தவர். முதல் அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடும் போயிற்று. நாட்டை விட்டு வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்போது எங்கள் ஆட்களில் சிலர் செய்ததை அவரும் செய்தார். வேறொருவருடைய பிறப்புச் சான்றிதழோடு, வேறொரு பெயரில், அன்றுதான் வந்திறங்கிய ஆள்போல மறுபடி போய்ப் பதிந்தார். சான்றிதழை ஒரு ஏஜென்ட் கொண்டுவந்து கொடுத்தார். வன்னியில் ஒரு ஊர், சைவக் குடும்பம். அந்தப் பொடியன் உயிரோடு இல்லை என்று மட்டும் ஏஜென்ட் சொன்னாராம். எப்படிச் செத்தான் என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெயரை எடுத்திருக்க மாட்டேன் என்று பிறகு ஒருமுறை சொன்னார். இரண்டாவது வழக்கு வென்றது. பத்து வருட வதிவிடக் கார்ட் வந்தது. அந்தப் பெயரிலேயே அண்ணியை ஊரில் இருந்து கூப்பிட்டு எடுத்தார், அந்தப் பெயரிலேயே பிள்ளைகள் பிறந்தார்கள், அந்தப் பெயரிலேயே பிரெஞ்சுக் குடியுரிமையும் எடுத்தார்கள். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம் நாங்கள். பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் மட்டும் நாங்கள் கண்ணால் காணாத ஒரு சைவ வீட்டின் பெயர் நிற்கிறது.

அண்ணன் வந்து மூன்று வருடம் கழித்து நான் என் சொந்தப் பெயரில் வந்தேன். அகதி வழக்கு நேர்காணலில், பிரான்சில் சகோதரர்கள் யாராவது உண்டா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். இல்லை என்றேன். அன்று காலை எனக்குக் கோப்பி போட்டுத் தந்து, சேட்டுக் கொலரை இழுத்துச் சரிசெய்து கூட்டி வந்தவர் அண்ணன்தான். அந்தக் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கத்தில், பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்ததும் "என்ன கேட்டவை?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஒரு கேள்வியைத் தவிர.

பிள்ளைகளுக்கு நான் அப்பாவின் ஊர்க்காரன், சின்ன வயதுச் சிநேகிதன். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்கள் தெருவில் போகிறவரையும் சித்தப்பா, பெரியப்பா என்பவர்கள் என்பதால் அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. ஒரே ஊர்த் தண்ணி என்று அண்ணி சொல்லிச் சமாளிப்பார். குடியுரிமை எடுத்த பிறகு அந்தப் பயம் குறையும் என்று நினைத்தேன், கூடியது. பொய்ச் சான்றிதழ் என்று ஒரு நாள் தெரியவந்தால் பிள்ளைகளின் குடியுரிமையையும் சேர்த்துப் பறிப்பார்கள் என்று யாரோ அண்ணிக்குச் சொல்லிவிட்டார்கள். அது சட்டப்படி சரியா பிழையா என்று விசாரிக்கவும் பயம். விசாரித்தாலே தெரிந்துவிடுமே.

இதில் எனக்கு மிகவும் வலித்தது ஒன்று உண்டு. எங்கள் பழக்கத்தில் மனைவி கணவனின் பெயரைச் சொல்வதில்லை. தம்பி அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. அண்ணனின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அப்புவும் அம்மாவும்தான். இரண்டு பேரும் தொலைபேசியில்தான் கூப்பிட்டார்கள், இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் ஒரு வாய் இல்லாமல் போயிற்று. ஆகையால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். வருடத்தில் ஒரு நாள், அவருடைய உண்மையான பிறந்தநாளுக்கு, ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு கடைக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போவேன். சாப்பாடு வந்ததும் பக்கத்து மேசையை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகப் பெயரைச் சொல்லி வாழ்த்துவேன். தம்பி அண்ணனைப் பெயர் சொல்கிறானே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு இறைச்சியைப் பிய்ப்பார். பிள்ளைகள் கேக் வெட்டிக் கொண்டாடியதெல்லாம் வன்னிப் பொடியனின் பிறந்தநாளைத்தான்.

அரண்மனைக் கதையில் கடைசி முடிச்சை அவருக்கு அவிழ்த்தவள் அண்ணனின் மகள், என் பெறாமகள். நூலகத்தில் இருந்து ஒரு தடித்த புத்தகம் எடுத்து வந்து அப்பாவுக்குப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டினாளாம். அந்தச் சிவப்புத் தாடி அரசன் பிறப்பதற்குச் சில நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த மேட்டில் இருந்த சின்னக் கோட்டையைச் சிவப்புக் கோட்டை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே தாடிக் கதை நிற்காது. அதைவிட, ஒரு காலத்தில் அந்தச் சுவர்களுக்கு வெள்ளை பூசியிருந்தார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

"விளங்குதே தம்பி? வெள்ளை அடிச்சு வைச்சிருந்த காலத்திலயும் சனம் அதைச் சிவப்பு எண்டுதான் கூப்பிட்டிருக்குது," என்றார் அண்ணன். அன்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு வெண்டிக்காய்ப் பெட்டியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. இந்த மனிதனுக்கு ஆறுதல் சொல்ல ஒரு கட்டடம்தான் கிடைத்ததா என்று ஆத்திரம் வந்தது.

போன வருடம் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று சொன்னார்கள். கண்டுபிடித்தபோதே பிந்திவிட்டது. சில மாதங்கள் என்றார் டாக்டர். அப்பாவுக்கு என்ன ஆசை என்று பெறாமகள் கேட்டாள். லூர்து மாதாவிடம் போகவேண்டும் என்பார் என்று அண்ணி எதிர்பார்த்தார். அவர் அல்ஹம்ப்ரா என்றார்.

பெறாமகள் அப்போதுதான் ஆசிரியர் தேர்வில் தேறி, அரசாங்கப் பள்ளியில் நியமனத்துக்குக் காத்திருந்தாள். விமானமும் ஹோட்டலும் அவள் பார்த்துக்கொண்டாள். அண்ணிக்கு விமானம் ஒத்துக்கொள்ளாது, ஆகவே நாங்கள் மூன்று பேர். அரண்மனை டிக்கெட்டை நான் எடுக்கிறேன் என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ரூ லூயி-பிளாங்கில் எனக்குத் தெரிந்த ஒரு பயண முகவர் கடை. அங்கே இருந்த பிள்ளை கணினியில் பக்கத்தைத் திறந்து, முதலில் என் விவரத்தைப் போட்டாள், பிறகு பெறாமகளுடையதை. பிறகு கேட்டாள்:

"மற்ற ஆள் ஆரண்ணை?"

"என்ரை அண்ணை."

அந்த ஊரில் முப்பது வருடத்தில் வெளியாள் ஒருவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல்தடவை. யார் என்று கேட்டாள், உண்மை வந்துவிட்டது.

"பாஸ்போட் நம்பரும் பேரும் சொல்லுங்கோ."

நம்பரைத் தொலைபேசியில் இருந்த படத்தைப் பார்த்துச் சொன்னேன். பெயரைப் பார்க்கவில்லை. என் வாயில் அண்ணனின் சொந்தப் பெயர் வந்தது, ஞானஸ்நானப் பெயரும் அதன் பின்னால் அப்புவின் பெயரும். அவள் தட்டினாள். திரையில் எங்கள் இரண்டு பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே அப்புவின் பெயரோடு நின்றன. பிழை என்று அந்த நிமிடமே தெரிந்தது. மாற்றச் சொல்லியிருக்கலாம். விமான டிக்கெட் என்றால் கட்டாயம் மாற்றியிருப்பேன். இது ஒரு கட்டடத்தைப் பார்க்கிற டிக்கெட், சினிமா டிக்கெட் போல, யார் பெயரைப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு நாளாவது அவர் தன் பெயரோடு ஒரு வாசலைத் தாண்டட்டும் என்று நினைத்தேன். அச்சடித்துத் தந்த தாள்களை மடித்துப் பையில் வைத்தேன்.

கிரனாடாவில் அன்று காலை நல்ல வெயில். மேலே ஏறும் பஸ்ஸில் இருந்து இறங்கியதும் அண்ணன் களைத்துப்போய் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தார். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. பெறாமகள் தண்ணீர் வாங்கப் போனாள். அந்த இடைவெளியில் நான் டிக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

அவர் வாசித்தார். உதடு அசைந்தது. திரும்பவும் வாசித்தார்.

"ஆர் இதைப் போட்டது?"

"நான்தான் அண்ணை."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "இதை அச்சில கண்டு எத்தினை வருசம்," என்றார். பிறகு சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்து, "வா, இந்தப் பேரோடயே உள்ளுக்குப் போவம்," என்றார். தாளை நான்காக மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார். முப்பது வருடத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று எனக்கும் ஒரு பெருமை.

வாசலில் நின்ற பொடியன் டிக்கெட்டைக் கருவியில் காட்டிவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கேட்டான். அந்த அரண்மனைக்கு ஆள் பெயரில்தான் டிக்கெட், ஒவ்வொருவரின் அடையாளத்தையும் பார்த்துத்தான் விடுவார்கள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். பெறாமகள் போனாள். நான் போனேன். அண்ணனின் பாஸ்போர்ட்டைப் பார்த்தவன் டிக்கெட்டைப் பார்த்தான், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தான். நம்பர் சரி, பெயர் வேறு. பின்னால் வரிசை நின்றது. அவன் யாரையோ கூப்பிட்டான்.

வந்த அம்மாவுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தது. நோயாளி என்று அண்ணனைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, தன் நாற்காலியில் உட்கார வைத்தார். நல்ல மனுசி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"நம்பர் உங்களுடையதுதான். இந்தப் பெயரும் உங்களுடையதா? பழைய பெயரோ, வீட்டில் கூப்பிடும் பெயரோ, ஏதாவது? அப்படியென்றால் சொல்லுங்கள் ஐயா, ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறேன்."

ஓம் என்றால் போதும். ஒரு சொல். அவருக்குப் பின்னால் அந்தச் சுவர், பத்தொன்பது வருடம் கதவிடுக்கால் பார்த்த சுவர், வெயிலில் நின்றது. அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் பெறாமகள் திரும்பி வந்து, அந்த அம்மாவின் கையில் இருந்த டிக்கெட்டை எட்டிப் பார்த்து உரக்க வாசித்தாள்.

"யார் இது?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "பப்பா, யார் இது?"

அண்ணன் மகளைப் பார்த்தார். நியமனத்துக்குக் காத்திருக்கும் மகள், அரசாங்கம் எந்த நேரமும் பத்திரங்களைக் கேட்கக்கூடிய மகள். வாய் மூடியது. பிறகு பிரெஞ்சில், எல்லோருக்கும் கேட்கும்படி, "இல்லை. எனக்குத் தெரியாது. இந்த ஆளை எனக்குத் தெரியாது," என்றார்.

பெறாமகள் விடவில்லை. கெட்டிக்காரி. என் டிக்கெட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "சித்தப்பா, இதில் உங்கள் அப்பாவின் பெயர்தானே இருக்கிறது?" என்றாள். தலைக்குள் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"அது என்ரை அண்ணன்ரை பேர் பிள்ளை. ஊரில இருந்தவர். அவர் செத்துப் போட்டார். வாய் தவறிக் குடுத்திட்டன்."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா கையை விரித்தார். அப்படியென்றால் தான் ஒன்றும் செய்ய முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் கதவைத் திறந்துதான் வைத்தார், மூடியது நாங்கள். பெறாமகள் ஓடிப்போய்க் கவுண்டரில் கேட்டாள். அடுத்த பல வாரங்களுக்கும் டிக்கெட் முடிந்திருந்தது. மறுநாள் காலையில் எங்களுக்கு விமானம்.

அவள் கவுண்டரில் நின்ற நேரம் நானும் அண்ணனும் வெளியே, கோட்டைச் சுவரை ஒட்டிய பாதையில் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். அவர் கையை நீட்டிச் சுவரைத் தடவினார். விரலில் புழுதி ஒட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணை, என்னை மன்னியுங்கோ," என்றேன்.

"நீ ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை. அவன் செத்துத்தான் போனான்," என்றார். "நான்தான் கனகாலமா ஒப்புக்கொள்ளேல்லை."

பெறாமகள் திரும்பி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவர் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்ன பிரெஞ்சு இன்றும் அப்படியே காதில் இருக்கிறது. தமிழில் இப்படி வரும்: "சாகப்போகிற என் அப்பாவுக்குச் செத்த மனிதனின் பெயரில் டிக்கெட் எடுத்தீர்கள். இந்த ஒரு நாள்தான் அவருக்கு இருந்தது. அதை எடுத்துக்கொண்டீர்கள்."

பாரிஸுக்குத் திரும்பிய பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நான் வீட்டுக்குப் போனால் அறைக்குள் போய்விடுவாள். அண்ணி என்னைப் பாவமாகப் பார்ப்பார், ஆனால் ஒரு சொல் சொல்ல மாட்டார். சொன்னால் எல்லாம் அவிழ்ந்துவிடும். நான் கோப்பியைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பி வருவேன்.

கடைசி வாரம் மருத்துவமனையில். குடும்பத்தவரா என்று தாதி கேட்டபோது, நண்பர் என்று சொல்லி உள்ளே போனேன். அண்ணனுக்குக் குரல் இறங்கிப் போயிருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"தம்பி, ஒரு யோசனை. அடக்கப் பூசையில பாதர் என்ரை பேரைச் சொல்லித்தானே ஒப்புக்குடுப்பார். அவர் அந்தப் பொடியன்ரை பேரைச் சொன்னால், அங்கை ஆரைத் தேடுவினம்?"

"கடவுளுக்குத் தெரியாதே அண்ணை?"

"அவருக்குத் தெரியும். எனக்கு மனம் கேக்குதில்லை. நீ பாதரிட்ட மட்டும் சொல்லு. அவர் ஒருத்தரிட்டையும் சொல்ல மாட்டார். உரக்கச் சொல்லத் தேவையில்லை. மனசுக்குள்ள எண்டாலும் என்ரை ஞானஸ்நானப் பேரைச் சொல்லட்டும். ஒருக்கா சொன்னால் காணும்."

"சொல்லுறன் அண்ணை."

"மறந்திடாதை."

"மறக்க மாட்டன்."

இரண்டு நாளில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளில் இரண்டு தடவை நான் பாதரைத் தேடிப் போனேன். முதல் தடவை அவருடைய அறைக்கு முன்னால் எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் திருமணப் பதிவுக்கு நின்றார்கள். திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை யாரும் இல்லை. மணியை அழுத்தக் கையை வைத்தேன். ஒரு குரு வாயைத் திறக்க மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அத்தனை வருடம் அடக்கி வைத்த வாய் திறக்க மறுத்தது. நாளைக்குச் சொல்லலாம், பூசைக்கு முதல் ஒரு நிமிடம் போதுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெத்ரோவில் இறங்கினேன். அந்த ஒரு நிமிடத்தை நம்பியதுதான் நான் செய்த எல்லாவற்றிலும் பெரிய பிழை.

பூசையன்று முன்னதாகவே போனேன். கோயில் நிறைந்துகொண்டிருந்தது. பாதர் பூசை உடுப்பு மாற்றும் அறையில் தனியாக இருந்தார். வாசலில் நின்று, தோத்திரம் பாதர் என்று வணங்கினேன். உள்ளே வரச் சொன்னார். கையில் ஒரு சின்னத் தாளும் பேனையும் வைத்திருந்தார்.

"நல்ல நேரத்தில வந்தனீங்கள். இறந்தவரின்ரை முழுப்பேரை ஒருக்காச் சரியாச் சொல்லுங்கோ, எழுதிக்கொள்ளுறன்."

கதவைச் சாத்திவிட்டுச் சொல்லலாம் என்று திரும்பினேன். பெறாமகள் வாசலில் நின்றாள். வாசகம் வாசிக்கப்போகிறவள், புத்தகம் எது என்று கேட்க வந்திருக்கிறாள். பாதர் கேட்டதை அவளும் கேட்டுவிட்டாள். கறுப்பு உடுப்பு, தூக்கமில்லாத கண். என்னைப் பார்க்காமலே, பிரெஞ்சில், மரியாதையோடுதான் சொன்னாள்:

"இவரிடம் வேண்டாம் பாதர். இவர் பெயரைப் பிழையாகச் சொல்லிவிடுவார். நான் சொல்கிறேன்."

சொன்னாள். எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பாதர் எழுதினார். ஒருமுறை வாசித்துக் காட்டி, "சரிதானே?" என்று, மரியாதைக்காக, என் பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"ஓம் பாதர். சரி," என்றேன்.

முதல் வரிசையில் எனக்கு இடமில்லை. அது குடும்பத்தவருக்கு. நான் நடுவில், மரக்கறிக் கடை முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் முதுகைத் தட்டி, நல்ல சிநேகிதன் போயிட்டான் என்ன, என்றார். பாதர் அந்தப் பெயரை மூன்று தடவை சொன்னார். அந்தப் பெயருக்குரிய உம் அடியானை ஏற்றுக்கொள்ளும் என்று கேட்டார். கோயில் முழுவதும் ஆமென் என்றது. நானும் சொன்னேன். வன்னியில் எங்கேயோ, எப்படியோ செத்துப்போன ஒரு சைவப் பொடியனுக்காக, அவன் கேள்விப்பட்டே இராத லா சப்பலில், அத்தனை பேர் முழந்தாளிட்டுச் செபித்தோம். அவன் பாவம், அவனுக்கும் யாராவது செபிக்கத்தான் வேண்டும். என் அண்ணனுக்கு யாரும் செபிக்கவில்லை.

பிறகு பாதரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், ஒரு பூசைக்கு ஒப்புக்கொடுத்திருக்கலாம். மாதங்கள் போய்விட்டன. பெறாமகளுக்குப் பள்ளி கிடைத்துவிட்டது, நன்றாகப் படிப்பிக்கிறாள் என்று அண்ணி சொல்கிறார். கல்லறைக் கல்லில் அந்தப் பொடியனின் பெயரையும் அவனுடைய பிறந்த தேதியையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் போய் நின்றாலும், யாரும் பக்கத்தில் இல்லாதபோதும், என் அண்ணனின் பெயர் எனக்கு வாயில் வருவதில்லை. இவ்வளவையும் எழுதினேனே, இதிலாவது ஓர் இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். பெறாமகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது தெரிந்தும் நான் அந்தப் பெயரை எழுதவில்லை.